காற்றும் மழையும் வந்த கதை



இன்றைக்கு உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம வீட்டுக் குழந்தைகளுக்கு அப்பத்தாவும் அம்முச்சியும் சொல்லி வந்த கதைகளில் காற்றும் மழையும் எப்படி வந்து சேர்ந்தன என்று பார்ப்போமுங்க. அதுவும் நம் வெள்ளாமையின் சரித்திரம்தான்.

இலையும் மண்ணாங்கட்டியும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டும் சிநேகிதர்கள். காற்று அடித்தால் கட்டி இலைமேல் உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்தால் இலை கட்டியை மூடிக்கொள்ளும். ஒரு நாள் காற்றும் மழையும் சேர்ந்தே வந்தன. இலை பறந்தது, கட்டி கரைந்தது, கதை முடிந்தது. மலைக்கு அப்பால் கேரளத்திலும் இந்தக் கதை உண்டு. அங்கே இரண்டும் காசிக்குப் புறப்படுகின்றன.

நம்ம சீமைக் குழந்தைக்கு இந்தக் கதை சட்டென்று புரிந்துவிடும். தென்மேற்குப் பருவ மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேருவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் அதே காற்றில்தானுங்க. நாம் நம்பி இருக்கிற மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது.

கதைக்குள் ஒரு விவசாயப் பாடமும் இருக்கிறது. சருகு மூடினால் மண் கரையாது. இதைத்தான் இப்போது மூடாக்கு என்கிறோம். சரி, காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். வேலி காற்றைத் தணிக்கும், புல் மண்ணைப் பிடிக்கும். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தக் காட்டில்தான்.

மழை பொய்த்த வருஷத்துக்கும் கதை உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டார்கள். கோயமுத்தூர் ஜில்லாவும் தப்பவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது இதைத்தான். மழை இல்லாதபோது பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுத்தார்கள். உப்பில்லாத அந்தச் சோற்றை எல்லோரும் கூடி உண்டார்கள். கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். பின்னால் ஓடிய பிள்ளைகளுக்கு, மழை ஊருக்கே பொது என்பது அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

அப்புறம் காலம் மாறியது. 1920-களில் திருப்பூரில் பனியன் தொழில் வேர்விட்டது. 1980-களில் ஏற்றுமதி பெருகியது. கவலை ஓட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள். வெளியூர்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஷிப்டு முடிந்து வரும் தாய் தகப்பனுக்குக் கதை சொல்ல ஏதுங்க நேரம்?

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்கிறீர்களா? 2011 நவம்பரில், அதாவது ஐப்பசியில், ஒரே இரவு மழையில் திருப்பூர் ஓடைகளில் வெள்ளம் வந்தது. கரையோர வீடுகள் போயின, உயிர்களும் போயின. வருஷம் முழுக்க வறண்டு கிடக்கும் பள்ளம், புதிதாக வந்தவருக்கு வெறும் காலியிடமாகத்தானே தெரியும்? இந்தப் பள்ளத்தில் தண்ணீர் வரும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே, கதை சொல்லும்போது, "ஒரு நாள் மழை பெய்தது" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். எந்த மாசத்து மழை, எந்தத் திசைக் காற்று, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வந்தது, நம்ம கிணறு எவ்வளவு ஊறியது என்று உங்கள் ஊர்ப் பேரைச் சொல்லியே சொல்லுங்கள். மழைக்கு முன் ஈசல் கிளம்பினால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் வெளியூர்க் குழந்தையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். காடு விற்றுப் போனாலும் கதை கையில் இருக்கட்டுமுங்க.