பின்னச்சுக்கும் சேஸிக்கும் இடையே

ஜீப் வகை வண்டியின் பின்பக்க சஸ்பென்ஷனில் இரண்டு அளவுகள் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஒன்று, சக்கரம் மேலும் கீழுமாகப் போய்வரும் தூரம். மற்றது, சக்கரம் மேலேறும்போது எதிலும் இடிக்காமலும், வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டாமலும் இருக்க வேண்டிய இடைவெளி. பின்னச்சுக்கும் சேஸிக்கும் நடுவே இருப்பது சில அங்குலம்தான். சக்கரம் இன்னும் ஓர் அங்குலம் ஏற வழிவிட வேண்டுமானால் அந்த அங்குலத்தை வேறெங்காவது எடுத்தாக வேண்டும். வண்டியை உயர்த்தலாம், தகட்டை வெட்டலாம், டயரைச் சிறிதாக்கலாம். கடந்த எண்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு வந்திருக்கின்றன.

1940இல் அமெரிக்க ராணுவம் கால் டன் சுமை தாங்கும் நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டது. பான்டம் நிறுவனம் செய்த முதல் மாதிரி அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபர்ட் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அதன் வழியில் வந்த வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ வண்டிகள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் உருவாயின. பின்பக்கத்தில் புதுமை எதுவும் இல்லை. வில்வண்டியின் அடியில் இருக்கும் பட்டை வில்லேதான் ஜீப்பின் அடியிலும் இருந்தது. சுமையைத் தாங்குவதும், அச்சை முன்பின் நகராமல் பிடித்து நிறுத்துவதும், எஞ்சினின் முறுக்கை வாங்கிக்கொள்வதும் அந்த ஒரே வில்லின் வேலை. பாகங்கள் குறைவு, உடைந்தாலும் எந்தக் கொல்லனும் சரிசெய்துவிடலாம். போர்க்களத்துக்கு இதைவிடப் பொருத்தமானது அன்று கிடையாது.

ஆனால் பட்டை வில்லுக்கு எல்லை உண்டு. சுமையேறித் தட்டையாகும்போது அது நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம்தர ஒரு முனையை ஷேக்கிள் என்னும் ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். ஷேக்கிள் எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவுதான் சக்கரத்தின் பயணமும். கால் டன் சுமைக்காகக் கட்டிய பின் வில், வெறும் வண்டியில் அசையவே மறுக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் விறைப்பைக் கூட்டும். ஏலத்தோட்டத்துப் பாதையில் காலி ஜீப்பின் பின்பலகையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வில்லிஸ் எம்பியில் வில்லின் மேல் அச்சு உட்கார்ந்திருந்தது. வண்டி தாழ்வாக நிற்க இது உதவியது; ஆனால் வில்லும் அதைக் கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டுத் தகடும் அச்சுக்குக் கீழே தொங்கிக் கல்லில் மாட்டின. போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளை வாங்கிய அமெரிக்க ஆர்வலர்கள் வில்லைக் கழற்றி அச்சின் மேல் வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். அச்சுக் குழாயின் தடிமனும் வில் அடுக்கின் தடிமனும் சேர்ந்து ஐந்தாறு அங்குல உயரம் புது வில்லுக்குச் செலவில்லாமலே கிடைத்தது. அதற்கான விலை பிறகு தெரிந்தது. முறுக்கு கூடும் வேளையில் பட்டை வில் பாம்புபோல் வளைந்து அச்சை உருட்டியது. புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் அதிர்ந்து தேய்ந்தன. அச்சில் வில் அமரும் மேடைகளை வெட்டி, பினியன் மேல்நோக்கிப் பார்க்கும்படி புதிய கோணத்தில் பற்றவைத்தால்தான் அது அடங்கும். உயர்த்துவது அரை நாள் வேலை, உயர்த்தியதைச் சரிசெய்வது மாதக் கணக்கு என்பது இந்தத் தொழிலில் அப்போதே தெரிந்துபோன விஷயம்.

இத்தனை செய்தும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருந்தது. உயர்ந்தது சேஸி மட்டும். இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சில், டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை வில் தீர்மானிப்பதில்லை, டயரின் ஆரம்தான் தீர்மானிக்கிறது. நான்கு அங்குலம் உயர்த்தும் கிட் டிஃபரன்ஷியலை ஒரு மயிரிழைகூடத் தூக்காது; விட்டத்தில் நான்கு அங்குலம் பெரிய டயரோ அதை இரண்டு அங்குலம் தூக்கிவிடும். பெரிய டயருக்குச் சக்கர வளைவில் இடம் வேண்டும், அந்த இடம் சக்கரத்தின் மேல்நோக்கிய பயணத்திலிருந்து கழிகிறது. சண்டை மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்.

இந்த முடிச்சை ஜெர்மானியர்கள் வேறு வழியில் அவிழ்த்தார்கள். போர்க்கால ஃபோக்ஸ்வாகன் கூபல்வாகனின் பின் சக்கர மையத்தில் ஒரு சிறு பல்சக்கரப் பெட்டி இருந்தது. அச்சுத்தண்டு மேல் பல்சக்கரத்தில் வந்து சேரும், சக்கரம் கீழ்ப் பல்சக்கரத்தில் சுழலும். அதனால் அச்சு சக்கர மையத்தைவிட உயரத்தில் ஓடியது. 1940களின் இறுதியில் பண்ணை வண்டியாகப் பிறந்த உனிமோக் இதை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுவந்தது. அதன் சக்கரத் தட அகலமான 1,270 மில்லிமீட்டர் இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டது. பயிரை நசுக்காமல் மேலே கடந்துபோவதற்கான உயரம், பிறகு பாறையைக் கடக்கவும் உதவியது. உனிமோக்கில் நான்கு மூலைகளிலும் சுருள் வில். சக்கரம் தாராளமாக ஏறி இறங்கியது, அச்சும் உயரத்திலேயே இருந்தது. எடையும் விலையும் கூடியதால் சாதாரண வண்டிகள் அந்த வழியில் போகவில்லை.

சுருள் வில்லைச் சாதாரண வாங்குவோரின் கைக்குக் கொண்டுவந்தது 1970இல் வெளியான ரேஞ்ச் ரோவர். ஸ்பென்சர் கிங் தலைமையிலான குழு பின்னச்சைப் பிடிக்கும் வேலையை வில்லிடமிருந்து பறித்துக் கம்பிகளிடம் கொடுத்தது. கீழே சேஸியிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு கைகள். மேலே அச்சின் நடுவில் ஒரு பந்து மூட்டில் சேரும் முக்கோணச் சட்டம். தாங்குவது மட்டுமே வில்லின் வேலை என்றானதும் அதை நீளமாகவும் மென்மையாகவும் செய்ய முடிந்தது. மென்மையான வில்லுக்கு ஒரு குறை உண்டு: சாமானும் ஆட்களும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி, மேல்நோக்கிய பயணம் ஓடத் தொடங்குமுன்பே தீர்ந்துவிடும். அதற்காக முக்கோணச் சட்டத்தின் நடுவே போகே நிறுவனத்தின் ஹைட்ரோமாட் என்ற கருவியைப் பொருத்தினார்கள். பாதையின் குலுக்கலையே பம்பாகப் பயன்படுத்தி, சில நிமிடங்களில் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கு அது தூக்கிவிடும். மின்சாரமும் இல்லை, ஓட்டுநர் செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை. பின்பக்க சஸ்பென்ஷன் வரலாற்றில் இத்தனை நேர்த்தியான தீர்வுகள் அதிகமில்லை. 1983இல் லேண்ட் ரோவர் 110 வந்தபோது சுருள் வில் உழைக்கும் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் வேறொரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. 1967இல் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் பந்தயத்தில் விக் வில்சனும் டெட் மாங்கெல்சும் 27 மணி 38 நிமிடத்தில் வென்றார்கள். அவர்கள் ஓட்டிய மேயர்ஸ் மாங்ஸ், புரூஸ் மேயர்ஸ் கண்ணாடியிழையில் வார்த்த உடலை வெட்டிக் குறுக்கிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அடித்தளத்தின் மேல் பொருத்திய பக்கி. எடை குறைவு, எஞ்சின் பின்னால், சக்கரத்தைச் சுற்றி இடிக்கத் தகடே இல்லை. இரு சக்கரம் மட்டும் இயங்கும் இந்த வண்டி, நாற்சக்கர இயக்க வண்டிகளை மணலிலும் கல்லிலும் முந்தியது.

பீட்டிலின் பின்பக்கத்தில் பட்டையும் இல்லை சுருளும் இல்லை, முறுக்குத் தண்டுதான். குறுக்காகக் கிடக்கும் எஃகுத் தண்டின் உள்முனை சட்டத்திலும் வெளிமுனை பின்னோக்கி நீளும் தகட்டிலும் பற்களால் பூட்டப்பட்டிருக்கும். உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளியே ஒரு பல் எதிர்த்திசையில் நகர்த்தினால் ஏறக்குறைய 8.2 பாகை. இரண்டின் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு, சக்கரத்தில் அது சில மில்லிமீட்டர். தொழிற்சாலை இதை நுண்மையாகச் சீரமைப்பதற்காக வைத்தது; பக்கி கட்டியவர்கள் பின்பக்க உயரத்தை விரும்பியபடி ஏற்ற அதே பற்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு சாவியும் ஒரு கோணமானியும் போதும்.

உயரத்தை ஏற்றியதும் பீட்டிலின் ஊசலாடும் அச்சு தன் குணத்தைக் காட்டியது. சக்கரம் கீழே தொங்கத் தொங்க அதன் அடி உள்நோக்கிச் சாய்ந்தது. குதித்து இறங்கும் வண்டி அந்தச் சாய்ந்த சக்கரத்தில் விழுந்து கவிழப் பார்த்தது. சக்கரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் கட்டிவைக்கும் நைலான் பட்டை பக்கிகளில் வழக்கமானது இதனால்தான். 1968, 69இல் பீட்டிலுக்கு இரட்டை மூட்டுகளுள்ள புதிய பின்னச்சு வந்தபோது சாய்வு குறைந்தது; ஆனால் பயணத்தின் எல்லை வில்லிலிருந்து மூட்டுக்கு மாறியது. சிவி மூட்டு எவ்வளவு வளையுமோ அதுவரைதான் சக்கரம் இறங்கலாம். போர்ஷே 930இன் பெரிய மூட்டுகளைப் பாலைவனப் பக்கிகள் தேடிப்போனது அதற்காக.

பீட்டிலைவிடக் கனமான ட்ரக்குகள் பாஹாவில் வேறு பாடம் படித்தன. 1966இல் வந்த ஃபோர்டு பிராங்கோவின் பின் சக்கர வளைவு தாழ்ந்தது. சற்றுப் பெரிய டயர் போட்டாலும் உரசும். வண்டியை உயர்த்துவதைவிட வளைவை வெட்டுவதே மேல் என்று பந்தயக்காரர்கள் கண்டுகொண்டார்கள். எடைமையம் ஏறாது, மேல்நோக்கிய பயணமும் குறையாது. பில் ஸ்ட்ராப் தயாரித்த பாஹா பிராங்கோக்கள் வெட்டிய வளைவோடும் விரிந்த மட்கார்டோடும் விற்றன. பார்னெல்லி ஜோன்ஸ் 1971, 1972 பந்தயங்களை வென்ற ‘பிக் ஓலி’ பிராங்கோவின் தோற்றத்தை மட்டும் வைத்துக் குழாய்ச் சட்டத்தில் கட்டிய வண்டி. இப்போது சேகரிப்பாளர்கள் வெட்டாத வளைவுள்ள பிராங்கோவுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள் என்பது காலத்தின் வேடிக்கை.

பயணம் கூடக் கூட, ஷாக் அப்சார்பர் சூடேறிச் செயலிழப்பது புதிய தடையானது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஷாக்குகள் என்று அடுக்கினார்கள். பிறகு வாயு அழுத்தமும் தனி எண்ணெய்க் கலனும் உள்ள தடித்த ஷாக்குகள் வந்தன. அதன் பின் தண்டின் இடத்துக்கேற்ப விறைப்பு மாறும் புறக்குழாய் ஷாக்குகள். நடுப்பயணத்தில் மென்மை, கடைசி அங்குலங்களில் கடுமை. 1994இல் பாஹா பந்தயத்தை நடத்தும் ஸ்கோர் அமைப்பு ட்ரோஃபி ட்ரக் பிரிவைத் தொடங்கியபோது பின்பக்கம் ஒரு வடிவத்தில் நிலைத்தது: முழு அச்சு, நீண்ட கீழ்க் கைகள், மேலே முக்கோணச் சட்டம். இன்றைய ட்ரக்குகளில் பின் சக்கரம் முப்பது அங்குல அளவில் ஏறி இறங்குகிறது. வில்லிஸ் ஜீப்பின் டயரே அந்த அளவு உயரம் கிடையாது.

இவ்வளவு தூரத்தைக் கண்ணளவில் அமைக்க முடியாது. பட்டறைகளில் நிலைபெற்ற முறை எளியது, பொறுமையைக் கேட்பது. முதலில் வில்களைக் கழற்றிவிடுகிறார்கள். ஜாக்கியால் அச்சை மெதுவாகத் தூக்கி, முதலில் எது எதில் தொடுகிறது என்று பார்க்கிறார்கள்: டயர் தகட்டிலா, அச்சு சேஸியிலா, டிஃபரன்ஷியல் பெட்ரோல் டேங்கிலா. அந்தத் தொடுதலுக்கு முன்பே ரப்பர் பம்ப் ஸ்டாப் வாங்கிக்கொள்ளும்படி வைக்கிறார்கள். ஷாக் முழுதாக மடங்குவதற்கும் முன்பே அது தடுக்க வேண்டும். அடுத்து அச்சைத் தொங்கவிட்டு, யுனிவர்சல் ஜாயின்ட் இறுகுகிறதா, ஷாஃப்ட்டின் சறுக்கு முனை கழன்றுவிடுமா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்கிறார்கள். தொங்கலைத் தடுக்கும் பட்டை இழுவையில் சற்று நீளும் என்பதால் அளவைக் குறைத்தே கட்டுவார்கள். கடைசியில் ஒரு பக்கச் சக்கரத்தை உச்சியிலும் மறுபக்கத்தை அடியிலும் நிறுத்திப் பார்ப்பது. சமமாக ஏற்றி இறக்கியபோது தெரியாத உரசல்கள் இங்கேதான் வெளிப்படும். பிறகே எரிபொருள், உதிரி டயர், ஆட்கள் எல்லாம் ஏற்றி, வண்டி நிற்கும் உயரத்தைத் தீர்மானிக்கிறார்கள். வேகமாக ஓடும் பாலைவன வண்டி மேல்நோக்கிய பங்கை அதிகம் வைத்துக்கொள்ளும். பாறையில் ஊர்வதற்குத் தொங்கும் பங்கும் அதே அளவு வேண்டும்.

பாறை ஊர்தல் தனி விளையாட்டாக வளர்ந்தபோது அதற்கென ஓர் அளவுகோலும் வந்தது. 20 பாகைச் சரிவுப் பலகையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றுவார்கள். வேறொரு சக்கரம் தரையை விட்டு எழும்வரை ஏறிய தூரத்தைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்த வண்டியின் எண். பலகையில் பெரிய எண் வாங்குவதற்காகவே கட்டிய வண்டிகளும் உண்டு. அவை சரிவில் தள்ளாடும். தொங்கும் சக்கரம் தரையைத் தொட்டால் போதாது, தரையை அழுத்தவும் வேண்டும்.

இந்தியாவில் 1940களின் இறுதியில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திராவின் தார், 2010இல் வந்தபோதும் பின்னால் பட்டை வில்லோடுதான் இருந்தது. 1985 முதல் விற்ற மாருதி ஜிப்சி கடைசிவரை பட்டை வில்லை விடவில்லை. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாகி 2020இல் வந்த புதிய தாரில்தான் பின்னச்சைக் கம்பிகள் பிடித்தன, சுருள் வில் தாங்கியது. பின்பக்கம் தட்டாமல் இறங்கும் கோணம் 36.8 பாகை. தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 1941இன் வில்லிஸ் எம்பிக்கு இது சுமார் 222. எண்பது ஆண்டுகளில் சேர்ந்தது நான்கு மில்லிமீட்டர், ஏனென்றால் இரண்டிலும் டிஃபரன்ஷியல் அச்சோடுதான் கிடக்கிறது. டிஃபரன்ஷியலைச் சேஸியோடு கட்டி ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே தொங்கவிட்ட வண்டிகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன: 1980களின் அமெரிக்க ராணுவ ஹம்வீயின் இடைவெளி 16 அங்குலம், 2020இன் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் காற்று வில்லில் 291 மில்லிமீட்டர்வரை எழும். ஜிம்னி, ரேங்ளர், தார் ஆகியவை பின்பக்கத்தில் இன்னும் முழு அச்சிலேயே ஓடுகின்றன.