பசுமை நகரம் ஆற்காடு

 

உம்ராவை நிறைவேற்றித் துருக்கி வழியாகத் திரும்பிய நமது மஹல்லாச் சகோதரர் ஒருவர், புர்ஸா நகரில் எடுத்த படங்களை அண்மையில் என்னிடம் காட்டினார். 1326இல் உஸ்மானியர் வசமாகி அவர்களின் தலைநகராக விளங்கிய ஊர் அது. துருக்கியர் அதனைப் ‘பசுமை புர்ஸா’ என்றே அழைக்கின்றனர். மலையடிவாரத்துத் தோப்புகள், இருபது குவிமாடங்கள் கொண்ட பெரிய பள்ளிவாசல், அதன் உள்ளேயே ஒளுச் செய்வதற்கான நீர்த்தடாகம், ‘பச்சை ரௌலா’ என்னும் அடக்கத்தலம் ஆகிய அனைத்தையும் அவர் விவரித்தார். (பெயர்தான் பச்சை, படத்தில் அதன் ஓடுகள் நீலமாகவே தெரிந்தன.) பின்னர் தலைநகரம் எதிர்னேவுக்கும் அதன்பின் இஸ்தான்புலுக்கும் இடம் மாறியது. “ஹஜ்ரத், நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இல்லையே!” என்று அவர் வருந்தினார். இருக்கிறது என்றேன். அடுத்த சனிக்கிழமையே இரு குடும்பங்களும் திருவண்ணாமலையிலிருந்து போளூர், ஆரணி வழியாக ஆற்காட்டுக்குப் புறப்பட்டோம்.

ஆறு காடுகள் சூழ்ந்த இடம் என்பதால் ஆற்காடு எனப் பெயர் வந்தது என்பர். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் அவர்களின் தளபதி சுல்ஃபிகார் கான், எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். கர்நாடகப் பகுதியின் நிர்வாகம் முதலில் அங்கிருந்துதான் நடந்தது. பிறகு அது ஆற்காட்டுக்கு மாறியது. 1710 முதல் 1732 வரை நவாபாக இருந்த சஆதத்துல்லாஹ் கான் அவர்களின் காலத்தில் ஆற்காடு தலைநகராக நிலைபெற்றது. அன்னார் நவாயத் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

அவர்களுடைய பெயரைச் சொன்னதும் நமது மாவட்டத்து முதியவர்களுக்குத் தேசிங்கு ராஜன் கதைதான் நினைவுக்கு வரும். ஔரங்கசீப் அவர்களால் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பெற்ற சொரூப் சிங் 1714இல் இறந்தார். அவருடைய மைந்தர் தேஜ் சிங், நிலுவையிலிருந்த கப்பத்தைச் செலுத்த மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் நவாபின் படையோடு பொருது மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான் என்பர். அவருடைய உயிர்த் தோழர் மஹபத் கான் ஒரு முஸ்லிம். தம்முடைய திருமண வேளையிலேயே செய்தி கேட்டுக் களத்திற்கு விரைந்து, நவாபின் படையை எதிர்த்து நின்று அவரும் உயிர் துறந்தார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. நமது கிராமங்களில் ‘மோவுத்துக்கான்’ என்று இன்றும் பாசத்தோடு சொல்லப்படுபவர் இவர்தாம். இரு மதத்தாரிடையே நடந்த போர் இது என்று எவரேனும் கூறினால், மஹபத் கானை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அவரிடம் கேளுங்கள்!

தேசிங்கின் இளம் ராணியார் உடன்கட்டை ஏறினார். அந்த வழக்கத்தை நாம் மெச்ச இயலாது. ஆயினும் வெற்றி பெற்ற நவாப் அந்தச் செய்தியைக் கேட்டு மனம் கலங்கி, பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே, அந்த அம்மையாரின் நினைவாக ஓர் ஊரையே அமைத்தார்கள் என்பது வரலாற்று மரபு. அதுதான் இராணிப்பேட்டை. தம்மை எதிர்த்து வாளெடுத்தவனின் மனைவி பெயரில் ஊர் எழுப்பிய அரசர்கள் எத்தனை பேர்?

அந்தக் கரையில்தான் ‘நவ்லாக் பாக்’ என்னும் நவாபுகளின் தோட்டமும் இருந்தது. நவ்லாக் என்றால் ஒன்பது இலட்சம். அத்தனை மரங்கள் நடப்பட்டன என்று மக்கள் சொல்வர். எண்ணிக்கையில் ஐயம் கொள்வோர் கொள்ளட்டும். மாந்தோப்பு இருந்ததில் ஐயமில்லை. இன்றும் அவ்விடத்திற்கு நவ்லாக் என்றே பெயர். அரசுப் பண்ணையும் அங்கே உள்ளது. புர்ஸாவைக் கண்ட சகோதரர் அங்குள்ள தென்னை நிழலில் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

ஆற்காட்டில் டிப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் தர்காவையும் கண்டோம். 1729இல் சஆதத்துல்லாஹ் கான் அவர்கள் எழுப்பிய கட்டடம் அது. (ஜியாரத்தின் ஒழுங்குகளைப் பற்றி வேறொரு ஜும்ஆவில் பேசுவோம்.) ஹைதர் அலீயின் மனைவியார் பாத்திமா பக்ருன்னிஸா அவர்கள் இங்கு வந்து சென்ற பின்னரே பிள்ளைப் பேறு பெற்றதாகவும், அதனால் மகனுக்கு டிப்பு எனப் பெயரிட்டதாகவும் கூறுவர். அதே ஆற்காட்டை 1780இல் ஹைதர் அலீ கைப்பற்றினார். 1783இல் ஊரை விட்டு நீங்கும்போது அதன் அரண்களை இடித்தவர் அந்த டிப்பு சுல்தான்தாம்.

கோட்டையில் எஞ்சியிருப்பது தில்லி வாசல். 1751இல் ராபர்ட் கிளைவ் சில நூறு வீரர்களோடு இவ்வூரைப் பிடித்து, சந்தா சாஹிபின் மகன் ரஜா சாஹிபின் முற்றுகையை ஐம்பது நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார். சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியை நம் நாட்டுச் சிப்பாய்கள் குடித்தார்கள் என்று ஆங்கிலேயர்களே பெருமையாக எழுதி வைத்தனர். கிளைவின் பெயர் உலகறிந்தது. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அதன்பின் நவாப் முஹம்மது அலீ வாலாஜா அவர்கள் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறினார்கள், கடன் பெருகியது, 1801இல் ஆட்சி கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

வாசகர்களே! ஆற்காட்டின் அரண்களை டிப்பு இடித்தார், ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன் பசுமையைக் கெடுத்தது யார்? இதைச் சொல்வது எனக்கு எளிதன்று. பாலாற்றங்கரை நெடுக உள்ள தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தவர் பெரும்பங்கு வகிக்கின்றனர். பல மதரஸாக்களும் கல்விச்சாலைகளும் அந்த வருவாயில் எழுந்தவை. நான் ஓதிய காலத்தில் உண்ட உணவிலும் அந்தப் பணம் இருந்திருக்கும். ஆனால் கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்தது, கிணறுகள் கெட்டன, வயல்கள் தரிசாயின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட வேதிப்பொருள் ஆலையொன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேல். ராணியார் நினைவாக எழுந்த ஊர், 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலொன்றில் இடம்பெற்றது. ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட நாம், ஆற்றையே என்ன செய்தோம் என்று நவ்லாக் தோப்பில் அமர்ந்தபடி இருவரும் பேசிக்கொண்டோம். அவருடைய மைத்துனரும் தோல் மண்டி வைத்திருப்பவர்தாம்.

ஞாயிறு அஸ்ருக்குப் பாலாற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். கரையிலிருந்து கரை வரை மணலும் சீமைக்கருவேலமும். “அத்தா, ஆறு எங்கே?” என்றாள் என் இளைய மகள். திருவண்ணாமலையிலிருந்து கேனில் கொண்டு சென்ற தண்ணீரில் ஒளுச் செய்துகொண்டு, மணலிலேயே விரிப்பை விரித்துத் தொழுதோம்.