ஒன்டாரியோவின் முழுநாள் மழலையர் கல்வி: அரசின் செலவும் பெற்றோரின் செலவும்

கனடாவின் முதல் பொதுப்பள்ளி மழலையர் வகுப்பு 1883இல் டொரான்டோவில் தொடங்கப்பெற்றது. நூறாண்டு கடந்தும் ஒன்டாரியோ மாகாணப் பள்ளிகள் பலவற்றில் அவ்வகுப்பு அரைநாளாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளாகவோதான் நடைபெற்றது. பணிக்குச் செல்லும் பெற்றோர் எஞ்சிய நேரத்திற்குக் காப்பகக் கட்டணம் செலுத்தினர்.

சார்லஸ் பாஸ்கலின் 2009ஆம் ஆண்டு அறிக்கை, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முழுநாள் கல்வியைப் பரிந்துரைத்தது. 2010 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் 2014இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. இடையே, 2012இல் டிரம்மண்ட் ஆணையம் மாகாணத்தின் நிதிப் பற்றாக்குறையைக் கருதி, திட்டத்தைக் கைவிடவோ தள்ளிவைக்கவோ கூறியது. அரசு அதனை ஏற்கவில்லை.

வகுப்பு நேரத்திற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் காலையில் வகுப்பு தொடங்கும் முன்னும் மாலையில் முடிந்த பின்னும் தேவைப்படும் பராமரிப்புக்குப் பெற்றோரே கட்டணம் செலுத்த வேண்டும். குறைந்த வருவாயினர்க்கு மானியம் உண்டு.

மற்றொரு விளைவு காப்பகங்களில் தோன்றியது. பத்துக் கைக்குழந்தைகளுக்கு மூன்று பணியாளர் வேண்டும் என்பது விதி. பெரிய குழந்தைகளுக்கு அதனினும் மிகக் குறைந்த பணியாளர் போதும். எனவே பெரிய குழந்தைகளின் கட்டணமே கைக்குழந்தைப் பராமரிப்பின் செலவை ஓரளவு ஈடுசெய்துவந்தது. அவர்கள் பள்ளிக்குச் சென்றதும் அவ்வரவு குன்றியது. காப்பகங்களுக்கும் அரசு நிதியளிக்க நேர்ந்தது.

ஆகவே, பொதுநிதி ஒரு வயதினரின் பகற்பொழுதை ஏற்றபோது, குடும்பச் செலவின் ஒரு பகுதி நீங்கியது. எஞ்சியது நாளின் இரு முனைகளிலும் இளைய குழந்தையின் கட்டணத்திலும் தொடர்ந்தது.