தூரிகை எழுத்து கணினிக்கு வந்த கதை

ஆங் மோ கியோவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ் எழுத்தை எங்கே பார்க்கிறது? பாடநூலில், தேர்வுத்தாளில், அறிவிப்புப் பலகையில். எங்கும் ஒரே விறைப்பான அச்செழுத்து. எழுத்தே சிரிக்கவில்லை என்றால், அது எழுதும் மொழி மட்டும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்குமா?

தமிழ் எழுத்து என்றும் இப்படி இருந்ததில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு தடிப்பு மாறாதது. ஓலை கிழியாதிருக்கப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியபோது எழுத்து உலோகத்தில் உறைந்தது. சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேச'னும் 1935இல் 'தமிழ் முர'சும் அத்தகைய அச்சில்தான் பிறந்தன.

எழுத்துக்குத் துள்ளல் தந்தது தூரிகை. சினிமா விளம்பரம், கடைப் பெயர்ப்பலகை, வார இதழ்த் தொடர்கதை என அது பரவியது. பேய்க்கதைத் தலைப்பு நடுங்கியது; காதல் கதைத் தலைப்பு வளைந்தோடியது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938-2008) தலைப்பெழுத்தை நவீன ஓவியத்தோடு இணைத்தார். பின்னர் கணினியும் பிளக்ஸ் பேனரும் வந்தன. தூரிகை பிடித்த கைகள் பல ஓய்ந்தன.

ஆங்கிலத்துக்கு 1942இலேயே ராபர்ட் ஸ்மித் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற தூரிகை அச்செழுத்தை அமெரிக்காவில் வடித்துவிட்டார். தமிழில் அது எளிதன்று. காலும் கொம்பும் தனியே நிற்பவை. ஒருமுறை வரைந்தால் போதும். ஆனால் கு, சு, மூ போன்றவற்றை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். 'பாப்பா' என்று எழுதும் ஓவியர் இரண்டு 'பா'வையும் ஒன்றுபோல் எழுதமாட்டார். எழுத்துரு அப்படியே எழுதிவிடும். மாற்று வடிவங்களையும் சேர்த்தால்தான் கையெழுத்தின் உயிர் வரும்.

கணினித் தமிழில் சிங்கப்பூர் முந்திக்கொண்டது. நா. கோவிந்தசாமியின் (1946-1999) உழைப்பால் 1995இல் தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறியது. 1997இல் தமிழ் இணைய மாநாடும் இங்கு நடந்தது. எனினும் எழுத்து திரையில் சரியாகத் தெரிவதே அன்றைய கவலை. அழகு காத்திருக்க நேர்ந்தது. இலங்கையின் தாரிக் அஸீஸ் 2016 வாக்கில் 'கவிவாணர்' என்ற சாய்ந்த கையெழுத்து எழுத்துருவைத் தந்தார். இன்று அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

2007 முதல் ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா எடுக்கிறோம். அதன் சுவரொட்டிகளில் இத்தகைய எழுத்துகள் துள்ளட்டும். பள்ளிகளில் பிள்ளைகள் கையில் தூரிகையையும் கொடுக்கலாம். எழுத்துரு ஒரு கையின் அசைவைக் காத்து வைக்கும். புதிய அசைவை ஒரு கைதான் படைக்க முடியும்.