வழியில் கேட்ட குரல்



காற்றில் வரும் குரல் நமக்காகக் காத்திருப்பதில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மாலையில் எடுத்துப் படிக்கலாம். வானொலியில் போன சொல் போனதுதான். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து கேட்கும்போதோ, நேரத்தோடு இடமும் ஓடுகிறது. அப்படி ஓடிப்போகும் குரலை ஒலிநாடாவில் பிடித்து வைத்தவர்கள் உண்டு. நீண்ட பயணங்களில் வானொலியைக் கேட்டுப் பதிவு செய்த அந்தப் பழக்கத்தின் வரலாற்றை இன்று நாம் சற்று நினைத்துப் பார்ப்போம். அதில் நம் விசுவாச வாழ்வுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நம் மாவட்டத்திலிருந்து வேளாங்கண்ணி மாதா திருத்தலத்துக்கு வேனில் போகும் வழி நமக்கெல்லாம் தெரியும். தருமபுரி, சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று ஏறத்தாழ 350 கிலோமீட்டர். புறப்படும்போது வண்டியின் வானொலியில் தருமபுரி வானொலி 102.5 மெகாஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கும். தொப்பூர்க் கணவாய் இறங்கி மலை குறுக்கே வந்ததும் குரல் மங்கும், இரைச்சல் கலக்கும், பிறகு அற்றுப்போகும். பண்பலை ஒலி ஏறத்தாழ நம் பார்வையைப் போல நேர்கோட்டில் செல்வது. மலை மறைத்தால் நின்றுவிடும். கொடைக்கானல் பண்பலை மலை உச்சியில் இருப்பதால்தான் அதன் 100.5 பல மாவட்டங்களை எட்டுகிறது. மத்திய அலை அப்படியல்ல; தரையைத் தழுவிக்கொண்டு போகும். திருச்சியை நெருங்க நெருங்க 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி ஓங்கி ஒலிக்கும். கடற்கரையை நெருங்கினால் காரைக்கால் பண்பலை 100.3இல் வந்து சேரும். பொழுது சாய்ந்தபின் மத்திய அலை வானின் உயரத்தில் உள்ள மின் அடுக்கில் பட்டுத் திரும்புவதால், பகலில் கேட்காத தூரத்து நிலையங்களும் காதில் விழும்.

வண்டியில் வானொலி வந்த கதையும் ஒரு நீண்ட பயணத்தோடு சேர்ந்ததுதான். 1930 ஜூன் மாதம் அமெரிக்காவில் பால் கால்வின் என்ற தொழில்முனைவர், தாம் உருவாக்கிய வானொலியைத் தம் காரில் பொருத்திக்கொண்டு, சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் சிட்டி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். அங்கே வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு. உள்ளே அவருக்குக் கடை இல்லை. வெளியே காரை நிறுத்தி, வானொலியைச் சத்தமாக வைத்து, வருவோர் போவோரைக் கேட்க வைத்தார். மோட்டோரோலா என்ற பெயர் பிறந்தது அந்த வானொலிக்காகத்தான். எட்டு மாதங்கள் கழித்து, 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி நிறுவிக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை 11ஆம் பயஸ் தொடங்கி வைத்தார். பேதுருவின் வழிவந்தவருடைய குரல் ஒரே நேரத்தில் பல கண்டங்களில் கேட்டது அன்றைக்குத்தான்.

நம் பக்கத்திலும் வானொலி அதற்கு முன்பே வந்திருந்தது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1935இல் நமக்கு அண்டையிலுள்ள மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் திறக்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதி வரை வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேட்டதைப் பிடித்து வைக்கும் வசதி சாதாரண மக்கள் கைக்கு வர இன்னும் காலம் பிடித்தது. திருத்தந்தை 13ஆம் லியோவின் குரல் 1903இல் மெழுகு உருளையில் பதிவானது. அதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபின் நிலைமை மாறியது. சட்டைப் பையில் அடங்கும் ஒரு பெட்டி. 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. அரை மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 86 மீட்டர் நாடாவில் அடங்கிவிடும். பிறகு வானொலியும் கேசட்டும் ஒன்றாக இணைந்த ‘டூ-இன்-ஒன்’ நம் வீடுகளுக்கு வந்தது.

பயணத்தில் அதைப் பயன்படுத்தப் பொறுமை வேண்டும். வண்டியின் இரும்புக் கூடு அலையைத் தடுக்கும். ஆகவே ஏரியலை வெளியே நீட்ட வேண்டும். இன்ஜினின் தீப்பொறி மத்திய அலையில் ‘கரகர’ என்று கேட்கும். மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போது பேச்சே மூழ்கிவிடும். மறையுரையின் முக்கியமான இடத்தில் நாடா முடிந்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் இரண்டு வாக்கியம் போய்விடும். ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும். ஆகவே பதிவு செய்வது எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வேலை.

பக்கத்தில் உட்கார்ந்தவர் என்றதும் திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய அரசியின் நிதி அமைச்சர் தேரில் போகிறார். கையில் எசாயாவின் ஏட்டுச்சுருள். அக்காலத்தில் வாய்விட்டுத்தான் வாசிப்பார்கள். ஆகவே பிலிப்பு ஓடிச்சென்று அருகே வந்ததும் அது அவர் காதில் விழுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒலித்த குரல், யாரோ எழுதி வைத்ததால், ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலையில் ஓடும் தேரில் மறுபடி ஒலிக்கிறது. ஆனால் அமைச்சருக்குப் பொருள் விளங்கவில்லை. பிலிப்பு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய பிறகே அவர் திருமுழுக்குப் பெறுகிறார். பதிவு செய்த சொல் மட்டும் போதவில்லை. அதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் தேவைப்பட்டார்.

எழுதி வைத்தவர்களின் பாடு என்ன என்பதை எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் சொல்கிறது. 23 ஆண்டுகளாக எரேமியா வாயால் அறிவித்தவை காற்றோடு போயின. பிறகு அவர் சொல்லச் சொல்லப் பாரூக்கு ஏட்டுச்சுருளில் எழுதினார். அது யோயாக்கிம் அரசன் முன் வாசிக்கப்பட்டது. குளிர்காலம், எதிரே கணப்புச் சட்டி. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அரசன் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் சாம்பலானது. ஆண்டவர் மறுபடி எழுதச் சொன்னார். பாரூக்கு மறுபடி எழுதினார், முன்பைவிட அதிகமாகவே எழுதினார். நம் கையில் இன்று எரேமியா நூல் இருக்கிறது என்றால், சலிக்காமல் இரண்டாம் முறை உட்கார்ந்து எழுதிய அந்த எழுத்தருக்கும் அதில் பங்கு உண்டு.

வானொலிக் காலத்திலும் பாரூக்குகள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன வீரர்களையும் கைதிகளையும் தேடித் தவித்த குடும்பங்களுக்காக, 1940 முதல் 1946 வரை வத்திக்கான் வானொலி 12 இலட்சத்துக்கும் அதிகமான செய்திகளை ஒலிபரப்பியது. அதற்குச் செலவான ஒலிபரப்பு நேரம் 12,000 மணிக்கும் மேல். அதே போரில் ஜெர்மானிய, ஜப்பானிய நிலையங்கள் கைதிகளின் பெயர்களையும் முகவரிகளையும் வாசித்தன. அமெரிக்காவில் சிற்றலை கேட்டுக்கொண்டிருந்த சாதாரண மக்கள், இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டி அவற்றைக் குறித்துக்கொண்டு, முன்பின் அறியாத பெற்றோருக்கு, “உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்” என்று அஞ்சலட்டை எழுதினார்கள். எதிரி நாட்டின் ஒலிபரப்புத்தான்; ஆனாலும் அதிலிருந்து ஒரு தாய்க்கு வேண்டிய ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டதை அவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை.

இன்று அந்தக் காற்றலைகள் பல ஓய்ந்துவிட்டன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. 1969 முதல் ஆசியத் திருஅவையின் குரலாக மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலி, நம் தமிழ்ப்பணி உட்பட, 2018 ஜூன் 30 அன்று சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறியது. நிலையங்கள் எல்லாவற்றையும் பாதுகாத்து வைத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பிபிசியே தன் பழைய நாடாக்கள் பலவற்றை அழித்திருக்கிறது. ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடரில் காணாமற்போன பகுதிகளின் ஒலி இன்று கிடைப்பது, வீட்டில் உட்கார்ந்து டேப்பில் பிடித்து வைத்த ரசிகர்களால்தான். பெரிய நிறுவனம் தூக்கி எறிந்ததைச் சிறியவர்கள் காப்பாற்றினார்கள்.

நம் வீட்டுப் பரண்களிலும் கேசட்டுகள் கிடக்கின்றன. அவற்றில் பாடல் மட்டுமா இருக்கிறது? வானொலியில் பிடித்த மறையுரைகள், திருவிழா நற்செய்திக் கூட்டங்கள், மறைந்துபோன குருக்களின் குரல், ஒரு பக்கத்தின் கடைசியில் பாட்டி சொன்ன செபமாலை. ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதன்மேல் பூசியுள்ள இரும்புத் துகள் உதிரும். அவற்றைக் காந்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் வைக்க வேண்டாம். கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக வேறு எதுவும் அதன்மேல் பதிவாகாது. அழுக்குப் படிந்த பழைய கருவியில் அவசரப்பட்டுப் போட வேண்டாம், நாடா சிக்கிக்கொள்ளும். சுத்தம் செய்த கருவியிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றுவது நல்லது. மாற்றும்போது யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதையும் எழுதி வையுங்கள். பெயர் இல்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு வெறும் சத்தம்தான். பிறருடைய குரலை வெளியே பரப்புமுன் அவர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அலைபேசியில் பூட்டி வைத்தால் பயனில்லை. விசுவாசம் கேட்பதால் வருகிறது என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். சேமிப்பதால் வருகிறது என்று எழுதவில்லை. இன்று நமக்குப் பதிவுக்குப் பஞ்சமில்லை. நூறு மறையுரை கையில் இருக்கிறது. யோயாக்கிம் கத்தியால் அறுத்ததை நாம் விரலால் தள்ளிவிடுகிறோம். இரண்டு நிமிடம் கேட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். அடுத்த முறை பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போதோ, வேளாங்கண்ணிக்குப் பயணம் போகும்போதோ, வண்டியில் ஒரே ஒரு மறையுரையை எல்லாரும் சேர்ந்து முழுவதும் கேளுங்கள். முடிந்ததும் நிறுத்திவிட்டு, அதைப் பற்றிப் பேசுங்கள். பின்னிருக்கையில் உள்ள பிள்ளைகள் கேள்வி கேட்டால் சொல்லிக் கொடுங்கள். தேரில் ஏறிய பிலிப்பு செய்த பணி அதுதான்.

வழிப்போக்கரோடு நடந்து எம்மாவுசின் பாதையில் மறைநூலை விளக்கிய ஆண்டவரே, எங்கள் பயணங்களிலும் எங்களோடு வாரும். நாங்கள் கேட்டதைக் காக்கவும், காத்ததைப் பிறர் கையில் சேர்க்கவும் வரம் தாரும். ஆமென்.