எண்ணில் அடங்காச் செல்வம்

ஒரு நாட்டின் செல்வம் எவ்வளவு என்னும் வினா மிகப் பழையது. வரி விதிப்போர்க்கும் படை திரட்டுவோர்க்கும் அதன் விடை எப்பொழுதும் தேவைப்பட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் பெற்றி நாட்டு வருமானத்தைக் கணிக்க முயன்றார். ஆயினும், ஒழுங்கான கணக்கு முறை வளர்தற்கு ஒரு பெருந் துன்பமே காரணமாயிற்று.

1929இல் ஐக்கிய அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கியது. ஆலைகள் மூடப்பட்டன, வேலையற்றோர் பெருகினர். ஆனால், நாடு இழந்தது எவ்வளவு என்று அரசாங்கத்தால் திட்டமாகக் கூற இயலவில்லை. சைமன் குஸ்னெற்ஸ் என்னும் பொருளியலறிஞர் அக்கணக்கை ஆக்கி, 1934இல் செனற் சபைக்கு அளித்தார். மூன்றே ஆண்டுகளில் வருமானம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டமை அப்பொழுதே தெளிவாயிற்று. அவ்வறிக்கையிலேயே, நாட்டு வருமானத்தைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிடலாகாது என்றும் அவர் எச்சரித்தார்.

பின்னர், 1941இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் மீட், றிச்சட் ஸ்ரோன் ஆகியோர் போர்க்காலத் தேவைக்கென நாட்டுக் கணக்கை அமைத்தனர். 1953இல் ஐக்கிய நாடுகள் சபை உலகுக்குப் பொதுவான முறையொன்றை வெளியிட்டது. நெல்லும் நிலக்கரியும் உருக்கும் துணியும் அக்கணக்கில் எளிதாக அடங்கின. அவற்றை நிறுக்கலாம்; எண்ணலாம்; விலை கூறலாம்.

கணனியோ இம்முறைக்கு அடங்க மறுத்தது. சென்ற ஆண்டின் விலைக்கே இவ்வாண்டு இருமடங்கு விரைவான கருவி கிடைக்குமாயின், அதனை எவ்வாறு கணக்கிடுவது? 1985இன் இறுதியில் அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர், ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையோடு, கணனியின் வேகம், நினைவாற்றல் முதலியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டு விலைச் சுட்டெண்ணைத் திருத்தினர். கணனி மென்பொருள், 1993ஆம் ஆண்டின் உலக முறையிலேதான் முதலீடாக ஏற்கப்பட்டது. அதற்கு முன்பு, 1987இல், கணனி யுகம் எங்கும் தென்படுகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் தென்படவில்லை எனும் கருத்தை றொபேட் சொலோ தெரிவித்திருந்தார்.

இது அறிஞர்க்கு மட்டும் உரிய வாதம் அன்று. அமெரிக்க விலைச் சுட்டெண் வாழ்க்கைச் செலவு உயர்வை ஆண்டுக்கு ஏறக்குறைய 1.1 சதவீதப் புள்ளி மிகைப்படுத்துகிறதென 1996இல் பொஸ்கின் குழு அறிவித்தது. புதிய பொருள்களையும் தர உயர்வையும் சரிவர அளவாமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். முதியோரின் ஓய்வூதிய உயர்வு அச்சுட்டெண்ணையே சார்ந்திருந்தமையால், அறிக்கை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று.

இணையம் மற்றொரு சிக்கலைக் கொணர்ந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அச்சான பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியா விலையின்றிக் கிடைக்கின்றது. நூல் விற்பனை கணக்கினின்று மறைந்தது. கற்போர் தொகையோ பெருகியது. கணக்கேட்டில் நட்டம், அறிவுலகில் ஆக்கம்!

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இணையத் தேடற்பொறியை ஓராண்டு கைவிட எவ்வளவு பணம் வேண்டுமென மக்களை வினவியது. கிடைத்த விடைகளின் இடைநிலை ஏறத்தாழ 17,500 டொலர். எனினும், அப்பணம் எக்கடையிலும் கைமாறுவதில்லை. ஆகவே, சந்தை விலையில் அமைந்த கணக்கோடு அதனைக் கூட்டுதல் பொருந்தாது. 2025இல் ஏற்கப்பட்ட புதிய உலக முறை, தரவுகளையும் சொத்தாகக் கொள்கின்றது. ஆனால் இலவசமாக நுகரும் பயன் முழுவதையும் உற்பத்தியிற் சேர்க்கவில்லை.

தாயின் சமையலும் சேய் வளர்ப்பும் பல்லாண்டுகளாக அக்கணக்கின் புறத்தேயே நிற்கின்றன. ஏட்டில் இல்லாதது ஆட்சியாளர் கண்ணிற் படுவதும் அரிது. ஆதலின், அளவுகோலைத் திருத்துவது அறிஞர் கடமை. அளவுகோலின் எல்லையை அறிந்திருத்தல் குடிமக்கள் கடமை. குஸ்னெற்ஸ் விடுத்த எச்சரிக்கை கணனி யுகத்திற்கும் பொருந்துவதேயாம்.