ஏக்கரில் விற்பனை, ஹெக்டேரில் பட்டா

முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானம் சென்னை அரசுக்கு 8,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டது. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் காலம் 999 ஆண்டுகள். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1970-இல் அது 30 ரூபாயானது. இன்றைய கணக்கில் அந்த நிலம் சுமார் 3,237 ஹெக்டேர்.

ஏக்கரை அளந்தது ஆங்கிலேயச் சங்கிலி. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட குண்டர் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்: 435.6 சதுர அடி.

நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால். பட்டாவும் ஹெக்டேர், ஏர்ஸுக்கு வந்தது. ஆனால் அந்த அணையின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், கம்பத்திலும் கூடலூரிலும் தோட்டம் கைமாறும்போது பேச்சு ஏக்கரிலும் சென்டிலும்தான். பட்டாவில் 0.40.50 என்றிருந்தால் 40.5 ஏர்ஸ், அதை 2.47-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 100 சென்ட், அதாவது ஓர் ஏக்கர். இந்தப் பெருக்கல் தெரியாமல் இங்கே யாரும் நிலம் வாங்கக் கூடாது. புள்ளி ஓரிடம் தவறினால் ஏக்கர் பத்து சென்டாகிவிடும்.

அணையின் நீர்மட்டமோ இன்றும் அடியில்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி, மீட்டரில் 43.28. அந்த மீட்டர் கணக்கைப் பள்ளத்தாக்கில் யாரும் சொல்வதில்லை.